வீடு, மனை, படுக்கை

சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் ஒரகடம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அவ்வழியே பயணம் செய்தவர்கள் ஏரிக்கரையையும் நெல்வயலையும் பனைவரிசையையும் கண்டிருப்பார்கள். இன்று பணிமுறை மாறும் வேளையில் அச்சந்திப்பில் சற்று நின்றால், ஒன்றன்பின் ஒன்றாக நிறுவனப் பேருந்துகள் கடந்து செல்வதைக் காணலாம். சன்னலோரம் தலைசாய்த்து உறங்கும் இளம் முகங்கள். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. இவர்கள் எங்கே இறங்குகிறார்கள், எங்கே உறங்குகிறார்கள், அந்த இடத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்னும் எளிய வினாக்களே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

அவற்றுக்கு ஒரு விடை வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் எழுந்து நிற்கிறது. 20 ஏக்கர் நிலத்தில் பதின்மூன்று பன்மாடிக் கட்டடங்கள். ஒவ்வொரு கட்டடத்திலும் 240 அறைகள். ஓர் அறையில் அறுவர். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவற்றைத் திறந்துவைத்தார். ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் தலைவர் யங் லியூ உடனிருந்தார். அந்நிறுவனத்தில் பணிபுரியும் பெண்கள் தங்குவதற்கென்றே, தமிழக அரசின் நிறுவனமாகிய சிப்காட் 706 கோடியே 50 இலட்சம் ரூபாய் செலவில் அவற்றைக் கட்டியது. இத்தனை கூறிய பின் அதன் கொள்ளளவைக் கூற வேண்டும் அல்லவா? 18,720 படுக்கைகள்.

என் சிந்தனையைப் பற்றி நிறுத்தியது அந்தச் சொல்தான். சென்னை மாநகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அரசு ஏழை எளியோர்க்காகக் கட்டத் தொடங்கி முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. தொடக்கத்தில் அது வீடுகளை எண்ணியது. பின்னர் மனைகளை எண்ணியது. மீண்டும் வீடுகளை எண்ணியது. ஆனால் அவை ஊருக்கு வெளியே இருந்தன. இப்போது படுக்கைகளை எண்ணுகிறது. இம்மாற்றங்கள் தற்செயலாக நேர்ந்தவை அல்ல. பணம் எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிச் சென்றால் ஒவ்வொன்றுக்கும் காரணம் புலப்படுகிறது. கட்டடக் கலைஞரின் வரைபடத்துக்கு முன்பே கணக்கரின் பேரேடு கூரையின் வடிவத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

உழைப்பாளியின் கூரைக்கு யார் பணம் தருவது என்னும் கேள்வி இந்நாட்டில் பெரிய அளவில் எழுந்தது பம்பாயில். முதல் உலகப் போர் முடிந்தபோது அந்நகரின் பஞ்சாலைகள் கொழித்திருந்தன. ஆலைத் தொழிலாளர்களோ ஓர் அறையில் இரண்டு மூன்று குடும்பங்களாக நெருங்கிக் கிடந்தார்கள். ஆளுநராயிருந்த ஜார்ஜ் லாயிட் 1920இல் வளர்ச்சித் துறை ஒன்றை ஏற்படுத்தி, ஐம்பதாயிரம் ஓரறைக் குடியிருப்புகளைக் கட்டத் திட்டமிட்டார். அதற்கெனக் கடன் திரட்டப்பட்டது. அதனோடு, நகருக்குள் வரும் ஒவ்வொரு பருத்திப் பொதிக்கும் ஒரு ரூபாய் வரி விதிக்கப்பட்டது. இந்த ஒரு ரூபாயை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். தொழிலால் பெருகிய செல்வத்தின் மீது நேரடியாகக் கைவைத்து, அத்தொழிலாளருக்கு வீடு கட்டுவதே அந்த வரியின் நோக்கம். திட்டம் பாதியிலும் குறைவாகவே நிறைவேறியது. 207 கட்டடங்களில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட அறைகள் எழுந்தன. காற்றும் வெளிச்சமும் குறைந்த கற்காரைச் சுவர்கள். தொழிலாளியின் கூலிக்கு மிஞ்சிய வாடகை. எனவே பல அறைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தன. வரியைக் காட்டிலும் கடனே பெரிதாயிருந்தது என்பதே இதன் உட்பொருள். கடன் இருந்தால் வட்டி உண்டு. வட்டியை வாடகைதான் சுமக்க வேண்டும்.

கடனே இன்றிக் கட்டிய நகர் ஒன்று உண்டா? உண்டு. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் வியன்னா அதைச் செய்து காட்டியது. போரில் தோற்றுப் பேரரசை இழந்து பசியில் வாடிய தலைநகர் அது. 1922ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அது தனி மாநிலம் என்ற தகுதியைப் பெற்றது. அதனால் நகர மன்றத்துக்குத் தானே வரி விதிக்கும் அதிகாரம் கிட்டியது. நகரின் நிதிப் பொறுப்பாளராயிருந்தவர் ஹூகோ பிரைட்னர். முன்னாளில் வங்கி இயக்குநர். அவர் 1923இல் வீட்டு வசதிக்கென்றே தனி வரி ஒன்றைக் கொண்டுவந்தார். சிறிய வீட்டில் வாழ்வோர் மிகச் சிறிதளவே செலுத்தினர். வீடு பெரிதாகப் பெரிதாக வரி செங்குத்தாக ஏறியது. நகரின் கட்டடங்களுள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான ஆடம்பர மாளிகைகள் மட்டுமே அவ்வரியில் பாதியை நெருங்கும் தொகையைச் செலுத்தின. பந்தயக் குதிரை, மோட்டார் வாகனம், வீட்டுப் பணியாள், உயர்ந்த மது என வேறு ஆடம்பரங்களுக்கும் வரி வந்தது.

அப்பணத்தைக் கொண்டு நகர மன்றம் நிலம் வாங்கிற்று. வாடகைக் கட்டுப்பாட்டாலும் பணவீக்கத்தாலும் நிலத்தின் விலை அப்போது வீழ்ந்திருந்தது. ஐந்தாண்டில் இருபத்தையாயிரம் வீடுகள் என்று 1923இல் வகுத்த இலக்கு காலத்துக்கு முன்பே நிறைவேறியது. 1934க்குள் கட்டப்பட்டவை அறுபதினாயிரத்துக்கும் மேல். 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் வளாகம் ஒரு கிலோமீட்டருக்கும் நீளமானது. 1,382 வீடுகள் கொண்டது. மனையில் ஐந்தில் ஒரு பங்கில்கூடக் கட்டடம் எழவில்லை. எஞ்சியது முற்றமும் தோட்டமும். பொதுச் சலவைக் கூடம், குழந்தைகள் பள்ளி, நூலகம், மருத்துவ நிலையம் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருந்தன. கட்டிய செலவு வரியிலேயே தீர்ந்துவிட்டதால் வாடகை பராமரிப்புக்கு மட்டும் போதுமானதாயிருந்தது. ஒரு தொழிலாளி தன் கூலியில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே வாடகை கொடுத்தார். கடனுக்கும் வரிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்ட இயலாது.

இவ்விடத்தில் நம்மவர்க்குச் சற்றுக் கசப்பான ஒரு செய்தியையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வியன்னா நகர மன்றத்தின் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்த்த கிறிஸ்தவ சமூகக் கட்சியின் தலைவராயும், ஆஸ்திரிய நாட்டின் தலைமை அமைச்சராயும் இருந்தவர் இக்னாஸ் சைப்பல். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு. உழைப்பாளரின் உரிமை பற்றிப் பதின்மூன்றாம் லியோ திருத்தந்தை சுற்றுமடல் எழுதி அப்போது முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. நகர மன்றத்தின் சமதர்மவாதிகள் திருச்சபையோடு பகை பாராட்டியவர்கள் என்பது உண்மையே. அந்த அச்சம் சைப்பலுக்கு இருந்ததில் வியப்பில்லை. ஆயினும் அறுபதினாயிரம் குடும்பங்களுக்குக் கதவும் சன்னலும் கிடைத்ததை அந்த அச்சம் மறைத்துவிட்டது. அவர் 1932இல் மறைந்தார். ஈராண்டுக்குப் பின், 1934 பெப்ருவரியில், அவருடைய கட்சியின் வழிவந்த அரசு அந்தக் குடியிருப்பின் மீது பீரங்கியால் சுட்டது. இன்று வியன்னா நகரம் ஏறத்தாழ இரண்டு இலட்சத்து இருபதாயிரம் வீடுகளுக்கு உரிமையாளர். சுட்டவர்களின் வாரிசுகளும் அவற்றில் குடியிருக்கக்கூடும்.

இனி நம் சென்னைக்குத் திரும்புவோம். 1688இல் தொடங்கிய மாநகராட்சி அது. இந்நாட்டில் அதனினும் பழையது வேறில்லை. அதற்கும் வீட்டு வரி உண்டு. ஆனால் வியன்னாவைப் போலத் தன் விருப்பப்படி வரியை வகுத்துக்கொள்ளும் அதிகாரம் என்றுமே இருந்ததில்லை. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்தின் துணையோடு மாம்பலத்து நெடிய ஏரிப்பகுதியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாயிற்று. அது மனை வாங்க இயன்ற நடுத்தர வகுப்பினர்க்கு ஆன ஊர். பெரம்பூர்ப் பக்கத்தில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலையினர் தம் தொழிலாளருள் ஒரு பகுதியினர்க்குச் சிறு கிராமங்களைக் கட்டிக்கொடுத்தனர். மற்றையோர் கூவம், அடையாறு கரைகளில் தாமே குடிசை போட்டுக்கொண்டார்கள்.

விடுதலை கிடைத்த காலத்தை ஒட்டி நகர மேம்பாட்டு அறக்கட்டளை என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. சி.ஐ.டி. நகர், சி.ஐ.டி. காலனி என்ற பெயர்களில் அது இன்றும் நினைவுகூரப்படுகிறது. மன்றத்திடமிருந்து வீடு கட்டும் பணி கைமாறிய தருணம் இதுவே. 1952இல் ஒன்றிய அரசு தொழிற்துறைத் தொழிலாளர் வீட்டு வசதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. மாநில அரசே கட்டினால் செலவில் பாதி மானியம், பாதி கடன். ஆலை முதலாளி கட்டினால் அதனினும் குறைந்த மானியம். ஆலை முதலாளிகளுள் அதற்கு முன்வந்தவர் சிலரே. 1961இல் அறக்கட்டளை மாநில வீட்டுவசதி வாரியமாக மாறியது. 1968இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தை ஒட்டி அண்ணா நகர் வளர்ந்ததும், கலைஞர் கருணாநிதி நகர் வளர்ந்ததும் வாரியத்தின் கைவண்ணம். வாரியம் கடன் வாங்கிக் கட்டியது, விற்றுக் கடனை அடைத்தது, மீண்டும் வாங்கியது. இச்சுழற்சியில் அடைக்க இயலாதவன் இயல்பாகவே வெளியே நின்றான்.

அவனுக்கென ஒரு வாரியம் 1970இல் பிறந்தது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணலாம் என்று அண்ணா சொன்னதைத் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தன் முழக்கமாக்கிக்கொண்டது. திருச்சபை மேடைகளிலும் ஒலிக்கத்தக்க சொற்கள் அவை! ஏழு ஆண்டுகளில் சென்னையில் குடிசையே இராது என்பது அன்றைய நோக்கம். அதற்கு முந்தைய, பிந்தைய முயற்சிகள் எவற்றிலும் இல்லாத ஒரு நேர்மை இதில் இருந்தது என்பேன். குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. நொச்சிக்குப்பத்து மீனவன் தன் கட்டுமரத்தை மாடியிலிருந்தே பார்க்க முடிந்தது. வீடு இருநூறு சதுர அடியை ஒட்டியதுதான். ஆனால் அது ஒரு குடும்பத்தின் வீடு. அதே ஆண்டில் ஒன்றிய அரசு ஹட்கோ என்னும் வீட்டுவசதி நிதிக் கழகத்தை நிறுவியது. நலிந்த பிரிவினர் வீடுகளுக்குக் குறைந்த வட்டி, வசதி படைத்தோர் வீடுகளுக்குக் கூடுதல் வட்டி என்பது அதன் முறை. இந்தக் கடனையும் மாநில அரசின் மானியத்தையும் கொண்டு வாரியம் இயங்கியது. வீடு பெற்றவர் மாதத் தவணை கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. நிலுவை ஆண்டுதோறும் மலையாய்க் குவிந்தது. ஆளும் கட்சி எதுவாயினும் மீனவனிடமும் ரிக்ஷாக்காரனிடமும் கதவைத் தட்டிப் பாக்கி கேட்கும் துணிவு எவர்க்கும் இல்லை. அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் கூரையில் விரிசல் விழுந்தபோது பழுதுபார்க்கப் பணமும் இல்லாது போயிற்று.

இடையில் நேர்ந்த ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. அதன் பின் தேர்தல் நடந்தது 1996இல். இருபத்து மூன்று ஆண்டுகள் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் என்பதே அந்நகருக்கு இல்லை! குடிசை மாற்று வாரியத்தின் பெரும்பணியும், உலக வங்கியின் திட்டங்களும், அண்ணா நகரின் வளர்ச்சியும் அந்த இருபத்து மூன்று ஆண்டுகளுக்குள் அடங்கும். எந்த வார்டில் எத்தனை வீடு, எவருக்கு என்று கேட்க ஓர் உறுப்பினர்கூட இருக்கையில் இல்லை. 1996இல் நேரடித் தேர்தல் வழி முதன்முதலாக மேயரானவர் மு. க. ஸ்டாலின் என்பது, வல்லம் வடகால் திறப்பு விழாவை நினைக்கும்போது வரலாற்றின் ஒரு விந்தையாகவே தோன்றுகிறது. அதற்குள் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, குடிசைப் பகுதி மேம்பாட்டை நகராட்சிகளுக்கு உரிய பணிகளின் பட்டியலில் சேர்த்திருந்தது. பட்டியல் வந்தது; பணம் வரவில்லை.

உலக வங்கியின் திட்டங்கள் என்றேன். 1977இல் முதலாவது சென்னை நகர வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. இவ்வளவு மானியம் கொடுத்து எத்தனை வீடு கட்ட முடியும், குடிசைகளின் எண்ணிக்கையோ கூடிக்கொண்டேயல்லவா போகிறது என்று வங்கியினர் வினவினர். வீடு வேண்டாம், மனை கொடுங்கள் என்றனர். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய், விளக்கு இவற்றோடு மனைகள் பிரிக்கப்பட்டன. ஏழைக்கு உரியது ஒரு சென்ட்டை ஒட்டிய மனை. அதில் ஒரு கழிப்பறை அமைத்துத் தரப்படும். மீதியை அவரே தம் கையில் பணம் சேரச் சேரக் கட்டிக்கொள்ள வேண்டும். பெரிய மனைகளையும் கடைமனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த ஆதாயத்தைச் சிறிய மனையின் விலையைக் குறைக்கப் பயன்படுத்தினர்.

அன்று இதைப் பலரும் இகழ்ந்தார்கள். அரசு தன் கடமையைக் கைகழுவிவிட்டது, கழிப்பறையை வீடு என்கிறது என்று மேடைகளில் கேலி எழுந்தது. நானும் அப்படிச் சிந்தித்தவர்களுள் ஒருவன். அரும்பாக்கத்தை இன்று கண்டபின் என் கருத்தை மாற்றிக்கொண்டேன். அந்த ஒரு சென்ட் மனைகளில் இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. கீழே ஒரு தையற்கடை, மேலே மகனின் குடும்பம், மாடியில் வாடகைக்கு ஒருவர். உலக வங்கி சார்ந்த ஆய்வாளர்களே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துச் சென்னையிலும் பம்பாயிலும் இத்தகைய இடங்களைத் திரும்பிப் பார்த்து, தோல்வி என்று தாங்கள் கைவிட்டது உண்மையில் வெற்றியே என்று 2018இல் எழுதினார்கள். ஆனால் அதற்குள் அரசு மனை கொடுப்பதை விட்டு நெடுங்காலமாயிற்று. காரணம் நகருக்குள் நிலம் தங்கமாயிருந்தது.

நிலம் தங்கமானதும் வீடு மறுபடி வந்தது, ஊருக்கு வெளியே. 2000ஆம் ஆண்டை ஒட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழத் தொடங்கியது, 15,656 வீடுகள். ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி. 2005இல் தொடங்கிய ஜவாகர்லால் நேரு நகர்ப்புறத் திட்டத்தின் நிதியில் பெரும்பாக்கம். செலவில் ஒரு பெரும் பகுதியை ஒன்றிய அரசு தந்தது. குறித்த காலத்துக்குள் குறித்த எண்ணிக்கையைக் கட்டி முடிக்க வேண்டும். எண்ணிக்கை கேட்பவர்க்கு நகர் நடுவிலுள்ள சிறு துண்டு நிலங்கள் உதவா. பத்துக் கல்லுக்கு அப்பாலுள்ள சதுப்பு நிலத்தின் ஓரமே உதவும். ஆற்றங்கரையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்களுக்கு வீட்டின் சாவி கிடைத்தது. வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. 2021இல் குடிசை மாற்று வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது.

இனி ஒரகடத்துக்கு வருவோம். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டியது இப்பகுதியின் புதுக்கணக்கு. நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடிச் சென்றது. ரெனோ, நிசான் நிறுவனங்களின் கூட்டு ஆலை 2010இல் ஒரகடத்தில் திறந்தது; டைம்லர், ராயல் என்ஃபீல்ட், அப்போலோ டயர் எனத் தொடர்ந்தன. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங்கும் ஃபாக்ஸ்கானும். சிப்காட் நிலத்தை எடுத்தது, சாலை போட்டது, மின்சாரமும் நீரும் கொணர்ந்தது, ஆலைகளுக்கு மனைகளை நீண்ட குத்தகைக்கு விட்டது. இந்த வரைபடங்களில் ஆலைக்கும், பசுமைப் பட்டைக்கும், கழிவுநீர் நிலையத்துக்கும் இடம் இருந்தது. அந்த ஆலைகளில் வேலை செய்யப்போகும் பல்லாயிரம் பேர் இரவில் எங்கே இருப்பார்கள் என்பதற்குத்தான் இடம் இல்லை.

இடம் ஒதுக்கக் கேட்டிருக்க வேண்டியவர் யார்? வியன்னாவாயின் நகர மன்றம். இங்கே நகரமே இல்லை. ஒரகடமும் வல்லமும் ஊராட்சிகள். ஸ்ரீபெரும்புதூரே நெடுங்காலம் பேரூராட்சியாகத்தான் இருந்தது. உலகச் சந்தைக்கு மகிழுந்தும் கைப்பேசியும் அனுப்பும் மண்ணில் வீட்டு வரியும் தொழில் வரியும் குடிநீர்க் கட்டணமும் வசூலிக்கும் ஊராட்சித் தலைவர், தெருவிளக்குப் பழுதுபார்ப்பதே பெரிது. சட்டமும் உதவவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வால்பாறைத் தேயிலைத் தோட்ட முதலாளி தம் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் வீடு தர வேண்டும் என்று கடமையாக்கியது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் உணவகம் கேட்டது, ஓய்வறை கேட்டது, குழந்தைகள் காப்பகம்கூடக் கேட்டது; வீடு கேட்கவில்லை. மலைமேல் இருந்த கடமை சமவெளிக்கு இறங்கி வரவேயில்லை.

ஆகவே சந்தை தன் வழியில் ஏற்பாடு செய்தது. உழவர்கள் தம் எஞ்சிய நிலத்தில் வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டனர். ஒப்பந்தக்காரர்கள் பூந்தமல்லி வரையிலும் விடுதிகளை எடுத்து ஆட்களை நிரப்பினர். 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் உணவு நஞ்சாகி நோயுற்றனர். நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவ, அப்பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்துவிட்டனர். ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை தரையில் படுத்திருந்தனர் என்பதும், சில விடுதிகளில் குழாயில் நீர் வரவில்லை என்பதும் அதன் பிறகே உலகுக்குத் தெரிந்தன. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைத் தன் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. ஊராட்சியும் வாரியமும் நகர மன்றமும் கேட்காத கேள்வியை, நெடுஞ்சாலையில் அமர்ந்த அந்தப் பெண்களே கேட்டார்கள். வல்லம் வடகாலில் நிற்பது அக்கேள்விக்கு அரசு தந்த மறுமொழி. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தரையிலிருந்து கட்டிலுக்கு ஏறியது சிறிய ஏற்றமன்று.

எனினும் பேரேட்டைத் திறந்து பார்ப்போம். செலவு 706 கோடியே 50 இலட்சம். படுக்கை ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்றே முக்கால் இலட்சம் ரூபாய். அதில் ஒன்றிய அரசின் மானியம் மொத்தம் 37 கோடியே 44 இலட்சம். அதாவது படுக்கைக்கு இருபதினாயிரம். 2020இல் ஊரடங்கின்போது புலம்பெயர் தொழிலாளர் நடந்தே ஊர் திரும்பிய காட்சிக்குப் பின் அறிவிக்கப்பட்ட வாடகைக் குடியிருப்புத் திட்டத்தின் கீழ் வந்த பணம் அது. அத்திட்டமே பொதுத் தங்குமிடத்தைப் படுக்கைக் கணக்கில் அளக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி பாரத ஸ்டேட் வங்கியின் கடன். வங்கிக் கடனுக்கு உறுதியான வருவாய் வேண்டும். ஆறு பேர் ஓர் அறையில் இருந்தால் அந்த வருவாய் உறுதி; ஒரு கணவன், மனைவி, குழந்தை அதே அறையில் இருந்தால் இல்லை. இக்கணக்கில் எவரும் தீய எண்ணத்தோடு செயல்படவில்லை. பம்பாயின் ஒரு ரூபாய் இக்கணக்கில் இல்லை, அவ்வளவே. ஆலையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு மகிழுந்துக்கும், ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டு, அதை வசூலிக்கவும் செலவிடவும் இப்பகுதிக்கென ஒரு மன்றம் இருந்திருக்குமாயின், எண்ண வேண்டியது வேறாக இருந்திருக்கும்.

2024 சூன் மாதம், வல்லம் வடகால் கட்டடங்கள் திறக்கப்படுவதற்கு இரண்டு மாதம் முன், மணமான பெண்களுக்கு அந்த ஆலையில் வேலை மறுக்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. நிறுவனம் அதை உறுதியாக மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. உண்மை எப்பக்கம் இருப்பினும், கட்டடத்தின் அமைப்பு தன் பங்குக்கு ஒன்றைக் கூறிவிடுகிறது. பதினெட்டாயிரத்து எழுநூற்று இருபது கட்டில்களில் தொட்டில் ஒன்றும் இல்லை.

ஒரகடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஞாயிறு மாலைகளில் இளந்தம்பதியர் வீடு தேடி நடப்பதைப் பார்க்கலாம். ஆலையில் சந்தித்து மணந்தவர்கள் அவர்களுள் உண்டு. வரிசை அறைகளின் வாசலில் சுண்ணாம்பால் எழுதிய அறிவிப்புகள் தொங்குகின்றன. முன்பணம் எவ்வளவு, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, மின்கட்டணம் தனியா என்று அவள் கேட்கிறாள். அவன் அறையின் நீளத்தைக் காலடியால் அளந்து பார்க்கிறான். ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் போட்டால் மீதி எவ்வளவு இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. வீட்டுக்காரர், திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள் என்கிறார்.